அந்த வெண்கலப் பிள்ளைகள்

அன்புள்ள மகனே,

உன் செய்தி வந்தது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் தேசியக் காற்பந்துப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் பெரியப்பா என்று மூன்றே வரியில் கேட்டுவிட்டாய். கைபேசியில் தட்டி அனுப்புகிற பதில் இல்லை இது. அதனால்தான் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முடிவு உன்னுடையது. போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, வீட்டில் யாரும் உன்னைக் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. உன் அப்பாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் இரவு ஒரு மணிக்கும் உன் அறையில் விளக்கு எரிகிறதாம், தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடக்கிறதாம். உன் அம்மா சொன்னார். நாட்டு அணியிலிருந்து அழைப்பு வந்த பிள்ளை இப்படியா இருப்பான் என்று அவர் கேட்டபோது எனக்கு உன் சித்தப்பாவின் ஞாபகம்தான் வந்தது. பதினாறு வயதில் பூட்ஸைக் கழற்றிய மனிதர், இன்றைக்கும் டீவியில் ஆட்டம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

உன் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2023 மே மாதம் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் நம் சிங்கப்பூரின் 22 வயதுக்குட்பட்ட அணி கம்போடியாவில் ஆடியதை நம் வீட்டில்தான் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். தாய்லாந்திடம் 3-1, வியட்நாமிடம் 3-1, லாவோசுடன் கோல் இல்லாத சமநிலை, கடைசியில் மலேசியாவிடம் 7-0. நான்கு ஆட்டங்களில் நாம் போட்டது 2, வாங்கியது 13. அன்றிரவு அந்தப் பையன்களைப் பற்றி ஊர் என்னவெல்லாம் எழுதியதோ அத்தனையையும் நீ ஒன்றுவிடாமல் படித்தாய். உனக்கு அப்போது பதினைந்து வயது. ‘நாளைக்கு என்னைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார்கள்’ என்று அன்றைக்கே மனத்தில் பதிந்துவிட்டது போலிருக்கிறது.

எழுதுவார்கள். இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். நம் நாட்டில் குடிமக்கள் 3.6 மில்லியன் பேர். எதிரே நிற்கிற மலேசியாவும் தாய்லாந்தும் வியட்நாமும் நம்மைவிடப் பல மடங்கு பெரியவை. நம் பையன்கள் பலரும் அந்த வயதில் தேசிய சேவை முகாமிலிருந்து திடலுக்கு ஓடி வருகிறவர்கள். இந்தக் கணக்கையெல்லாம் திட்டுகிறவர்கள் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆனாலும் எனக்கு நெஞ்சில் தைத்திருப்பது அந்த ஏழு கோல் இல்லை, 2010-ல் நடந்தது. நீ அப்போது இரண்டு வயதுக் குழந்தை. முதல் இளையர் ஒலிம்பிக் நம் ஊரில்தான் நடந்தது. காற்பந்தில் ஆண்கள் பிரிவில் ஆறே அணிகள்: நாம், ஜிம்பாப்வே, மாண்டினீக்ரோ, ஹெய்ட்டி, பொலிவியா, வனுவாட்டு. காதிர் யாஹ்யா பயிற்றுவித்த நம் பையன்களுக்குப் பதினைந்து வயது. ஜிம்பாப்வேயை வென்றார்கள், மாண்டினீக்ரோவை வென்றார்கள், அரையிறுதியில் ஹெய்ட்டியிடம் விழுந்தார்கள். பிறகு எழுந்து வந்து வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மாண்டினீக்ரோவை 4-1 என்று அடித்தார்கள். ஜாலான் புசார் அரங்கில் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் நாடு முழுக்க அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

அப்புறம்? அடுத்த ஆண்டு அவர்களுக்குச் சாதாரண நிலைத் தேர்வு. அதற்கப்புறம் தேசிய சேவை. ஒருவர் படிப்புக்குப் போனார், ஒருவர் வேலைக்குப் போனார். நாட்டின் மூத்த அணி வரை வந்து சேர்ந்தவர்கள் மிகச் சிலர். பதினெட்டுப் பேரையும் ஒன்றாக வைத்திருந்து, தோற்றாலும் ஆடவிட்டு, இருபத்தைந்து வயதுவரை கொண்டுபோய்ச் சேர்க்க இந்த ஊருக்குப் பொறுமை இல்லை. பூவை அரும்பிலேயே பறித்துச் சூடிக்கொண்டு, மரம் காய்க்கவில்லையே என்று திட்டுகிறோம். பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகக் காரணம் ஆள் பற்றாக்குறை இல்லை, திறமைக் குறைவும் இல்லை. அந்த வயதில் ‘இரு, போகாதே’ என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. நம் வீட்டில் உன் சித்தப்பாவுக்கும் அதுதான் நடந்தது.

ஐஸ்லாந்தைப் பார். அங்கே மொத்த மக்களே மூன்று லட்சத்துச் சொச்சம், நம் தெம்பனிஸையும் பிடோக்கையும் சேர்த்தால் அதைவிடக் கூடுதலாகவே வரும். அவர்களுடைய 21 வயதுக்குட்பட்ட அணி 2010-ல் ஜெர்மனியை 4-1 என்று வென்று, 2011-ல் டென்மார்க்கில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. போய் என்ன ஆனது? பெலாரஸிடம் தோல்வி, சுவிட்சர்லாந்திடம் தோல்வி. டென்மார்க்கை வென்றும் முதல் சுற்றோடு வீடு திரும்பினார்கள். அந்தப் பையன்களை அங்கே யாரும் கலைத்துவிடவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 2016-ல், அதே பையன்கள் பலர் நின்ற மூத்த அணி இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்தியது. வெற்றிக் கோலை அடித்த கொல்பெய்ன் சிக்தோர்சொன் 2011 அணியில் இருந்தவர்.

அடுத்த வருடம் தேசிய சேவை வந்துவிடும், அத்தோடு எல்லாம் போச்சு, இப்போதே விட்டுவிடலாம் என்று நீ கணக்குப் போடுகிறாய். இங்கிலாந்தின் ஃபுல்ஹம் குழுவில் சேர்ந்த பென் டேவிஸ் விண்ணப்பித்தும் 2018-ல் தற்காப்பு அமைச்சு ஒத்திவைப்புத் தரவில்லையே என்றும் சொல்வாய். அவர் கேட்டது சேவையைத் தள்ளிப்போட. உன்னிடம் அந்தப் பிரச்சினையே இல்லை. நீ இங்கேயே இருக்கிறாய், இங்கேயே சேவை செய்வாய், இங்கேயே ஆடலாம். 2003-லிருந்து லீக்கில் இளம் சிங்கங்கள் என்று ஓர் அணி இருப்பதே உன் வயதுப் பிள்ளைகளுக்காகத்தான். இரண்டு வருடம் கஷ்டம்தான், தூக்கம் கெடும். தூக்கம் இப்போது மட்டும் ஒழுங்காகவா இருக்கிறது?

2025 நவம்பரில் நம் மூத்த அணி ஹாங்காங்கில் 2-1 என்று வென்று, ஆசியக் கிண்ணப் போட்டிக்கு முதன்முறையாகத் தகுதிபெற்றபோது நீ எனக்கு அனுப்பிய குரல் பதிவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். விட்டுவிடப் போகிற பிள்ளையின் குரல் அதில் இல்லை.

நிறைய எழுதிவிட்டேன். நீ திடலுக்கே போகாமல் பாலிடெக்னிக்கை முடித்து ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் நீ எங்கள் வீட்டுத் தங்கம்தான். பந்து ஆடுகிறாய் என்பதற்காக யாரும் உன்மேல் பாசம் வைக்கவில்லை. நீ பிறந்த அன்றைக்கு உன்னை முதலில் வாங்கியது இந்தக் கைகள். உனக்கு எது நிம்மதியோ அதைச் செய், பெரியப்பா பக்கத்தில் இருப்பேன். பூட்ஸுக்கு என்று உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். வேறெதற்காவது வேண்டுமானாலும் எடுத்துக்கொள், கணக்குக் கேட்க மாட்டேன்.

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, அதற்கு முன்னால் எதையும் எழுதி அனுப்பிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கே சாப்பிட வா. பெரியம்மா மீன் தலைக் கறி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சித்தப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன், அவர் உன்னிடம் ஏதோ பேச வேண்டுமாம். கட்டாயம் வந்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா