தாயையும் சேயையும் தாங்கும் பணி

செவிலியர் படிப்பை முடித்த பெண்மக்களும், சம்பாத்தியத்தில் ஓரளவு நிலைபெற்ற வாலிபர்களும் இக்காலத்தில் ஒரு மஸ்அலா கேட்கிறார்கள். “ஆதரவற்ற தாய்மார்களையும் அவர்களுடைய கைக்குழந்தைகளையும் பராமரிக்கும் இல்லங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன. அங்கே சில மாதம் ஊதியமின்றிச் சேவை செய்து வரலாமா? அதற்கு ஸவாபு உண்டா?” என்பதே கேள்வி.

உண்டு, நிச்சயமாக உண்டு. ஆனால் அந்த அமலின் தன்மை என்ன, அதற்குரிய ஒழுங்குகள் என்ன என்பதை அறிந்து செய்ய வேண்டும். அவற்றை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

மார்க்கத்தில் இதன் இடம்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் ஒவ்வொருவரும் ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை ஓடுகிறோமே, அது யாருடைய ஓட்டம்? அறிமுகமற்ற பாலைவனத்தில், தாகத்தால் துடித்த பச்சிளம் பிள்ளைக்குத் தண்ணீர் தேடிய அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் ஓட்டம். ஒரு தாயின் தவிப்பை அல்லாஹுத்தஆலா கியாமத் நாள் வரை வணக்கமாகவே ஆக்கி வைத்தான்.

திருக்குர்ஆனின் 19-ஆவது அத்தியாயத்தில் அன்னை மர்யம் (அலை) அவர்களின் பிரசவ வேளை சொல்லப்படுகிறது. பரிசுத்தமான அந்தப் பெண்மணி ஊரை விட்டு ஒதுங்கிப் பேரீச்ச மரத்தடியில் தனியே வேதனைப்பட்டபோது, முதலில் கிடைத்தது ‘கவலைப்பட வேண்டாம்’ என்னும் ஆறுதல். பிறகு காலடியில் நீரோடை. கைக்கெட்டும் தூரத்தில் கனிந்த பேரீச்சம்பழம். கேட்க வருவோருக்குப் பதில் சொல்லும் பாரத்தைக்கூட அவர்கள் மீது வைக்காமல், மௌன விரதம் பூணும்படி கட்டளையிடப்பட்டது. ஆறுதல், தண்ணீர், உணவு, மௌனத்தின் பாதுகாப்பு. தாயைத் தாங்க நினைப்போருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறு வேண்டுமா?

தொழுகையை நீட்ட நாடி நிற்கும்போது ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிவிடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி ஷரீபில் காண்கிறோம்.

உமர் (ரலி) அவர்களின் இரு தீர்ப்புகள்

மதீனாவின் வெளிப்புறத்தில் வணிகக் கூட்டமொன்று இறங்கியிருந்தது. அன்றிரவு காவலுக்கு நின்ற கலீபா உமர் (ரலி) அவர்கள், ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டு அதன் தாயை மும்முறை கண்டித்தார்கள். வந்திருப்பவர் யாரென்று அறியாத அப்பெண், “பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் உமர் உதவித்தொகை தருகிறார்; அதனால் இவனுக்குப் பாலை மறக்கடிக்கிறேன்” என்றாள். அன்று ஸுப்ஹு தொழுகையில் கலீபா அழுத அழுகையில் ஓதுவது மக்களுக்கு விளங்கவில்லை. உடனே, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தது முதலே உதவித்தொகை என்று நாடெங்கும் பிரகடனம் செய்தார்கள். கவனியுங்கள்! அவர்கள் அந்தத் தாயைத் தண்டிக்கவில்லை; அவளை அந்த நிலைக்குத் தள்ளிய சட்டத்தைத் திருத்தினார்கள்.

மற்றொரு தீர்ப்பு முவத்தாவில் வருகிறது. அபூஜமீலா என்பவர் வீசப்பட்டுக் கிடந்த குழந்தை ஒன்றை எடுத்து வந்தார். அவர் நல்லவர் என்று அறிந்ததும் உமர் (ரலி) அவர்கள், “குழந்தை சுதந்திரமானது, வளர்ப்பது உமது பொறுப்பு, செலவு எம்முடையது” என்ற கருத்தில் தீர்ப்பளித்தார்கள். செலவைப் பைத்துல்மால் ஏற்றது.

கண்டெடுத்த குழந்தையின் சட்டம்

இத்தகைய குழந்தைக்கு பிக்ஹு கிதாபுகளில் ‘லகீத்’ என்று பெயர். அதை எடுத்துக் காப்பது ஷாபிஈ மத்ஹபில் பர்ளு கிபாயா. ஹனபி மத்ஹபில் அது விரும்பத்தக்கது; விட்டுவிட்டால் இறந்துவிடும் என்ற அச்சம் இருந்தால் கட்டாயக் கடமை. பிறப்பு எப்படிப்பட்டது என்பது குழந்தையின் குற்றமாகாது.

வளர்க்கலாம், ஆனால் வம்சத்தை மாற்றக் கூடாது. தந்தை பெயர் தெரிந்தால் அப்பெயராலேயே அழைக்க வேண்டும்; தெரியாவிட்டால் அவர்கள் நம் மார்க்கச் சகோதரர்கள் என்று 33-ஆவது அத்தியாயம் விதிக்கிறது. வீட்டுப் பெண்ணொருத்தி பால்குடிப் பருவத்தில் பாலூட்டினால், அக்குழந்தை பால்குடிப் பிள்ளையாகி மஹ்ரமாகும். ஊட்டும் அளவு பற்றி மத்ஹபுகளில் வேறுபாடு உண்டு, ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும்.

நம் பக்கத்துச் சேதி

கராச்சியில் அப்துல் சத்தார் ஈதி (மறைவு 2016), அவருடைய மனைவி பில்கீஸ் (மறைவு 2022) ஆகிய இருவரும் தங்கள் நிலையங்களின் வாசலில் தொட்டில் வைத்து, ‘கொல்லாதீர்கள், இங்கே விட்டுச் செல்லுங்கள்’ என அறிவித்தார்கள். அதைப் படித்து நாம் வியக்கிறோம். ஆனால் தொட்டில் தேவைப்பட்ட பூமி நம்முடையதும்தான்.

1986-இல் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலை பற்றி ‘இந்தியா டுடே’ எழுதியபோது நாடே திடுக்கிட்டது. 1992-இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-இல் அது விரிவாக்கப்பட்ட மாவட்டங்களில் நம் தேனியும் ஒன்று. உயிருடன் புதைக்கப்பட்ட பெண்குழந்தை ‘எக்குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய்?’ என மறுமையில் விசாரிக்கப்படும் என்பதை 81-ஆவது அத்தியாயத்தில் ஓதும் நாம், இதை ‘யாரோ சிலருடைய பாவம்’ என்று ஒதுக்கிவிட முடியுமா?

தொட்டில் குழந்தையைக் காக்கும். தாயைக் காப்பது யார்? தலாக் சொல்லப்பட்ட பெண் கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை அவளுக்குச் செலவு செய்வது கணவன் மீது கடமை என்று 65-ஆவது அத்தியாயம் கூறுகிறது. அப்படிப்பட்டவள் ஜமாஅத்தின் வாசலுக்கு வந்தால், நாம் முதலில் அவளை விசாரிக்கிறோம். முதலில் அழைத்து விசாரிக்கப்பட வேண்டியவன் அவளைக் கைவிட்டவன் அல்லவா? அவளுக்கு முதலில் கொடுக்க வேண்டியது சோறும், படுக்க இடமும், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஒரு பெண்ணும். விசாரணை பிறகு.

அனாதரவான குழந்தையைக் கண்டால் தூக்கிக்கொண்டு வீட்டில் ஒளித்து வளர்ப்பதும் தவறு. 1098 என்ற எண்ணுக்குச் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். குழந்தையை ஒப்படைத்த தாய் மனம் மாறித் திரும்பப் பெற 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு மாத அவகாசம் தருகிறது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு ஜமாஅத் அவளுக்குக் கை கொடுத்தால் தாயும் சேயும் பிரியாமல் இருக்கக் கூடும்.

வெளிநாடு செல்வோருக்கு

1. பெற்றோரின் சம்மதமும், தம்மை நம்பியிருப்போரின் செலவுக்கு வழியும் முதலில் வேண்டும். பெண்கள் மஹ்ரம், தங்குமிடம், பாதுகாப்பு பற்றி ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

2. அந்நாட்டுச் சட்டப்படி அனுமதி பெற்று, தெரிந்த வேலையையே செய்ய வேண்டும். துணி துவைப்பதும் சமைப்பதும் தாழ்ந்த வேலையல்ல.

3. கைக்குழந்தை தன்னைத் தூக்கும் கையை அடையாளம் காணும். மாதம் ஒரு முகம் மாறினால் அது வாடும். குறுகிய காலம் தங்குவோர் குழந்தையைத் தம்மிடம் பழக்கப்படுத்துவதைவிட, தாய்க்கும் நிரந்தரப் பணிப்பெண்களுக்கும் ஒத்தாசையாக இருப்பதே நல்லது.

4. அந்தத் தாய்மார்களைப் படம் பிடிக்காதீர்கள். அவர்கள் கதையை ஊரில் வந்து சொல்லாதீர்கள். பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நபிமொழி. சொல்லிக் காட்டுவதும் மனதைப் புண்படுத்துவதும் தர்மத்தைப் பாழாக்கும் என்கிறது 2-ஆவது அத்தியாயம்.

5. விமானம் ஏறுமுன் உங்கள் தெருவைப் பாருங்கள். அங்கே கைவிடப்பட்ட ஒரு கர்ப்பிணி இருந்தால், அவளுக்குச் செய்வதே முதல் கடமை. அதைச் செய்துவிட்டுப் போங்கள். உங்கள் பயணத்திலும் பரக்கத் உண்டாகும்.

வல்ல அல்லாஹ் தவிக்கும் தாய்மார்களுக்கு நம் வீடுகளை நிழலாக ஆக்கி, நம் நாவுகளால் அவர்களுக்கு நோவினை ஏற்படாமல் காப்பானாக! ஆமீன்.