தோளைப் பார்த்து வாங்குங்கள்

செப்டம்பர் மூன்றாம் வாரம் வந்துவிட்டால், எடின்பரோ பேருந்து நிறுத்தங்களில் படிக்கப் புதிதாக வந்திறங்கிய நம் ஊர்ப் பெண்களை அடையாளம் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முதுகைப் பார்த்தால் போதும். கோட்டின் பின்பக்கத் திறப்பில் நூலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். கடையிலும் பார்சலிலும் அந்தத் திறப்பு விரிந்து கசங்காமல் இருக்கப் போடுகிற தற்காலிகத் தையல் அது. வாங்கிய அன்றே வெட்டி எறிய வேண்டியது. இவர்கள் அதை டிசைன் என்று நினைத்து மார்ச் வரை அப்படியே திரிவார்கள்.

போன வருஷம் அப்படி இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருத்தி தென்காசிப் பக்கம். இடுப்பில் பெல்ட் கட்டிய பழுப்பு நிற டிரெஞ்ச் கோட், முதுகில் பெருக்கல் குறி, உதடு நீலம் பாய்ந்து நிற்கிறாள். பக்கத்தில் அவள் அறைத்தோழி. அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த கறுப்பு பஃபர் ஜாக்கெட், இரண்டு சைஸ் பெரிது. பேருந்துக்குள் ஏறியதும் அவளுக்கு வியர்த்து ஊற்றுகிறது; கழற்றினால் வைக்க இடமில்லை. மடியில் மெத்தையைச் சுருட்டி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி படத்தைப் பார்த்து வாங்கியவள், இன்னொருத்தி பயத்தைப் பார்த்து வாங்கியவள்.

நான் லீத் பகுதியில் வீட்டிலேயே துணி ஆல்ட்டரேஷன் செய்கிறேன். சனிக்கிழமைகளில் பழைய துணி விற்கும் சேரிட்டி கடை ஒன்றில் கல்லாவில் நிற்கிறேன். அம்மா மதுரையில் பிளவுஸ் தைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். அதனால் கோட்டைப் பார்த்தால் முதலில் ஷோல்டரும் ஆர்ம்ஹோலும்தான் என் கண்ணில் படும். கீழே சொல்வதில் என் சாய்வும் கலந்திருக்கும், பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பஃபரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே வாத்து இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்து, வரி வரியாகத் தைத்தது. 1940-ல் அமெரிக்காவில் எடி பாவர் காப்புரிமை வாங்கிய சமாசாரம். கனடாவுக்குப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், அதையோ தொப்பி வைத்த பார்க்காவையோ வாங்குங்கள். அங்கே அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் காது இருக்க வேண்டும். எடின்பரோ அந்த ரகம் இல்லை. ஜனவரியில் பகலில் ஆறேழு டிகிரி, இரவில் ஒன்றிரண்டு. குளிரைவிடக் காற்றும் தூறலும்தான் பிடுங்கி எடுக்கும். இறகு அடைத்தது நன்றாக நனைந்துவிட்டால் உள்ளே கட்டி தட்டிப்போய்க் கதகதப்பை இழக்கும். அப்பாவே வாங்கிக் கொடுத்தாலும் சரியான சைஸில் வாங்கச் சொல்லுங்கள். ‘வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் கூடவே இருக்கட்டும்’ என்பது எட்டாம் வகுப்பு யூனிஃபார்மோடு முடிந்த கணக்கு. உடம்புக்கும் கோட்டுக்கும் நடுவே இடம் அதிகமானால் காற்று உள்ளே புகுந்து சூட்டை வாரிக்கொண்டு போய்விடும்.

டஃபிள் கோட் தெரியும்தானே? பட்டனுக்குப் பதில் மரத்திலோ கொம்பிலோ செய்த நீளக் கட்டையைக் கயிற்று வளையத்தில் மாட்டுகிற கோட். டஃபல் என்பது பெல்ஜியத்தில் ஓர் ஊர். முரட்டுக் கம்பளித் துணிக்குப் பேர்போனது. பிரிட்டிஷ் கடற்படைக்காரர்கள் போட்டார்கள், கையுறையைக் கழற்றாமலே மாட்டிக் கழற்றலாம் என்பதற்காக. இரண்டாம் உலகப் போர் முடிந்து மிச்சமிருந்த சரக்கு சந்தைக்கு வந்ததும் மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெட்டி போல நேராக இறங்கும். ஒல்லியாக, உயரமாக இருப்பவர்களுக்கு ஜம்மென்று இருக்கும். மற்றவர்கள் போட்டால் அரிசி மூட்டைக்குத் தொப்பி வைத்த மாதிரி.

பீ கோட்டும் கடற்படையிலிருந்து வந்ததுதான். இடுப்புக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். முன்னால் இரட்டை வரிசைப் பட்டன். ஜீன்ஸுக்கு அருமை. ஆனால் நம் பெண்கள் பெட்டி நிறைய குர்தி கொண்டு வருகிறார்கள். முழங்கால் வரை குர்தி, அதற்குமேல் இடுப்பு வரை கோட் போட்டால், கீழே எட்டிப் பார்க்கும் அந்த அரை முழத் துணி காற்றில் கொடி போல ஆடும். கால் பாதியாகக் குறைந்து தெரியும். குர்தி போடுகிற பழக்கம் இருந்தால் கோட் அதைவிட இரண்டு விரற்கடையாவது நீளமாக இருக்கட்டும்.

இனி டிரெஞ்ச் கோட். இதைப் பற்றித்தான் எனக்கு ஆத்திரம்.

கொரிய சீரியலில் இலையுதிர் காலத் தெருவில் கதாநாயகி நடந்து வருவாள்; இன்ஸ்டாகிராமில் காபிக் குவளையோடு யாரோ நிற்பாள். போதும், முடிவாகிவிடும். இது எதற்காகப் பிறந்த உடுப்பு என்று யாரும் கேட்பதில்லை. தாமஸ் பர்பரி 1879-ல் கபார்டின் என்ற துணியைக் கொண்டுவந்தார். நெய்வதற்கு முன்பே நூலை நீர்புகாமல் பதப்படுத்தி, நெருக்கமாக நெய்த துணி. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த அதிகாரிகள் அந்தத் துணியில் தைத்துப் போட்ட மழைக்கோட்தான் இந்த டிரெஞ்ச் கோட். பேரே அந்தக் குழியிலிருந்துதான் வந்தது. தோளில் உள்ள பட்டை பதவிச் சின்னம் குத்த. மார்பின் மேல் கூடுதலாகத் தொங்கும் மடிப்பு, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்க. பெல்ட்டில் உள்ள வளையம் சாமான் மாட்ட. எல்லாமே மழைக்கும் போருக்கும். குளிருக்கு என்று அதில் இருந்தது ஒன்றே ஒன்று: உள்ளே மாட்டிக் கழற்றக்கூடிய கம்பளி லைனிங். இன்று மாணவிகள் வாங்கும் மலிவுப் பதிப்பில் தோள்பட்டை இருக்கும், வளையம் இருக்கும், அந்த லைனிங் மட்டும் இருக்காது. நீர்புகாத பதமும் பெரும்பாலும் இருக்காது. ஆக, மழைக்கும் ஆகாது, குளிருக்கும் ஆகாது.

சரி, அழகுக்காவது ஆகுமா? யோசித்துப் பாருங்கள். தோளில் பட்டை, மார்பில் மடிப்பு, அதன்மேல் இரட்டை வரிசைப் பட்டன், பெரிய காலர், நடுவில் பெல்ட். உடம்பின் மேல்பாதியில் ஐந்து சாமான்களை அடுக்கியிருக்கிறார்கள். தோள் குறுகலாக, உயரமாக, மார்பு தட்டையாக இருப்பவளுக்கு இது எடுப்பாக இருக்கும். ஐந்தடி உயரமும் நிறைந்த மார்பும் உள்ள பெண்ணுக்குத் தலையணையின் நடுவே கயிறு கட்டியது போலாகிவிடும். பெல்ட் கோக்கிற இடமும் ஐந்தே முக்கால் அடி மாடலின் இடுப்புக்கு வைத்தது. நமக்கு அது இடுப்பில் நிற்காது, இறங்கிப் பின்புறத்தில் உட்காரும்.

நானும் இதில் தப்பவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன், இங்கே வந்து பத்தாவது நாள், முதல் மாதப் பணத்தில் பாதியைக் கொடுத்து ஒரு டிரெஞ்ச் கோட் வாங்கினேன். நவம்பரில் ஒரு மாலை நார்த் பிரிட்ஜில் நடந்தேன். கீழே ரயில் நிலையம், இரண்டு பக்கமும் திறந்த வெளி, கடல் பக்கத்திலிருந்து காற்று. பெல்ட்டின் நுனி பறந்து வந்து கன்னத்தில் அறைந்தது. பாலத்தின் பாதியில் நின்று அழுதேன். குளிரில் அழுதேனா, செலவழித்த காசை நினைத்து அழுதேனா, இன்றுவரை தெரியாது. அடுத்த நாள் சேலைக்குள் கட்டுகிற பாவாடையை இரண்டாக மடித்து உள்ளே வைத்துத் தைத்துப் பார்த்தேன். நம் சினிமா டூயட்டில் பனிமலையில் கதாநாயகன் தோல் ஜாக்கெட் போட்டிருப்பான், கதாநாயகி ஷிஃபான் சேலையில் ஆடுவாள், பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஏப்ரலில், வெயில் எட்டிப் பார்க்கும் நாளில், டிரெஞ்ச் கோட் நல்ல உடுப்புத்தான். இரண்டாவது கோட்டாக வாங்குங்கள். முதலாவதாக வேண்டாம்.

முதலாவதாக எது? என் ஓட்டு பிரின்சஸ் கட்டுக்கு. பிளவுஸில் பிரின்சஸ் கட் என்றால் உங்களுக்கே தெரியும். டாட் பிடிக்காமல், தோளிலிருந்தோ ஆர்ம்ஹோலிலிருந்தோ மார்பு வழியாகக் கீழ்வரை நீளத் தையல் போட்டே உடம்பின் வளைவைக் கொண்டுவருவது. கோட்டிலும் அதேதான். இடுப்பில் குறுக்குத் தையல் கிடையாது, பெல்ட் கிடையாது. ஒற்றை வரிசைப் பட்டன், மேலிருந்து கீழாக நேர்க்கோடுகள். பார்க்கிறவர் கண் குறுக்கே ஓடாமல் கீழே இறங்கும். குள்ளமானவர்கள் ஓரங்குலம் கூடித் தெரிவார்கள். முழங்காலை ஒட்டி முடிந்தால் போதும். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் முடிகிற கோட்டை மட்டும் எடுக்காதீர்கள்.

இடுப்புக்குக் கீழே அகலமானவர்களுக்கு ஏ லைன் இன்னும் பொருந்தும். டியோர் 1955-ல் அந்தப் பெயரைப் பிரபலமாக்கினார். தோளில் கச்சிதம், கீழே போகப்போக விரிவு. சேலை கட்டுகிறவர்களுக்கும் இதுதான் சுகம், கொசுவம் நசுங்காது. பட்டனே இல்லாமல் மேலே போர்த்திக் கட்டும் ராப் கோட் விளம்பரத்தில் ராஜகளை. இந்த ஊர்க் காற்றில் நாலடிக்கு ஒருதரம் அவிழ்த்துக் கட்டவேண்டும்.

எந்த மாதிரி எடுத்தாலும் தோளில் தொடங்குங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் விழவேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குட்டையாக்கலாம், அடி மடித்துத் தைக்கலாம். தோளைத் திருத்துவது என்றால் கோட்டையே பிரித்துத் தைக்கிற வேலை, வாங்கிய விலையைவிடக் கூலி அதிகமாகும். உள்ளே ஸ்வெட்டரோடு போட்டுப் பாருங்கள். உங்களை நீங்களே கட்டிப்பிடியுங்கள், முதுகு இழுக்கக் கூடாது. பேருந்தில் கம்பியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்குங்கள், கோட் முழுவதும் கூடவே ஏறினால் ஆர்ம்ஹோல் தாழ்வு என்று அர்த்தம். பட்டனைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். பின்னலைக் காலருக்குள்ளும் வெளியேயும் விட்டுப் பாருங்கள். கழுத்துப் பட்டையில் சைஸைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், உள்தையலில் இருக்கும் துணி விவரத்தையும் படியுங்கள். கம்பளி 60 சதவீதத்துக்குக் குறைந்தால் நான் தொடமாட்டேன். முழு பாலியெஸ்டர் கோட் ஒரே பருவத்தில் அக்குளிலும் பை உரசும் இடத்திலும் உருண்டை உருண்டையாகப் பஞ்சு கட்டும்.

நிறம்? மாநிறத்துக்கும் கறுப்புக்கும் கறுப்புக் கோட்தான் என்று யார் சொன்னது? டிசம்பரில் மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும் ஊர் இது, சாலை கடக்கும்போது வண்டிக்காரன் கண்ணில் படவேண்டாமா? மெரூன், கடுகு மஞ்சள், பாட்டில் பச்சை. பட்டுச் சேலையில் நமக்கு எது எடுக்கும் என்று பாட்டி சொன்னாளோ, அதுவே கோட்டிலும் எடுக்கும்.

இதையெல்லாம் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்யத் துடிக்கிறார்கள், அதுதான் தொல்லை. ஒரு மாதம் பொறுங்கள். செப்டம்பருக்கும் அக்டோபருக்கும் ஒரு ஸ்வெட்டரும் சாதாரண மழை ஜாக்கெட்டும் தாங்கும். அதற்குள் நீங்கள் நடக்கிறவரா, பேருந்தில் போகிறவரா, இரவு வேலைக்குப் போகப்போகிறவரா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். படிப்பையும் இவர்கள் இப்படித்தான் எடுக்கிறார்கள். டேட்டா சயின்ஸ் ஏன் எடுத்தாய் என்று கேட்டால், “மாமா பையன் எடுத்தான்க்கா” என்பாள். அவளுக்கு வரைவதில் கை அப்படி ஓடும். தனக்கு எது அமையும் என்று தன்னையே கொஞ்ச நாள் கவனிக்கிற பொறுமையை யாரும் இவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதை நான் ஒரு கோட் கடையில் வைத்துக் கற்றுக்கொடுத்துவிட முடியாது, தெரியும். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதை மட்டும் சொல்கிறேன்: ஸ்டாக்பிரிட்ஜிலும் மார்னிங்சைடிலும் வரிசையாக சேரிட்டி கடைகள் இருக்கின்றன, நாலு சனிக்கிழமை வெறுமனே போட்டுப் போட்டுப் பாருங்கள், ஐந்தாவது சனிக்கிழமை வாங்குங்கள்.

தென்காசிப் பெண் நவம்பர் நடுவில் எங்கள் கடைக்கு வந்தாள். மூன்று வாரம் போட்டுப் பார்த்தே கழித்தாள். கடைசியில் மெரூன் நிறத்தில் ஒரு பிரின்சஸ் கட், எண்பது சதவீதம் கம்பளி, இருபத்திரண்டு பவுண்டு. கையை ஓரங்குலம் ஏற்றிக் கொடுத்தேன். கண்ணாடி முன் நின்றபடி அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: “நல்லாத்தாம்ளா இருக்கு. பழசா அது? ஒரு சைஸ் பெருசா இல்லையாமா?”

கத்தரிக்கோலை எடுத்துப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பெருக்கல் குறி இல்லை. முதலில் போட்டிருந்த மகராசி யாரோ வெட்டிவிட்டிருந்தாள்.