பருவமழை முன்கணிப்பு: தொடர்புப் போக்கு தரும் பாடம்

புணே நகரில் ஔந்த் பகுதியை அடுத்த பாஷாணில் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. 1962-ல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனமும், அந்நகரிலேயே இயங்கும் இந்திய வானிலைத் துறையின் அலுவலகமும் பருவமழையை முன்னறியும் பணியில் நெடுங்காலமாக ஈடுபட்டுள்ளன. தொடர்புப் போக்கு முறையின் ஆற்றலையும் எல்லையையும் இப்பணியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஒரு மாறியின் அளவைக் கொண்டு மற்றொன்றை நேர்கோட்டுச் சமன்பாட்டால் மதிப்பிடுவதே நேரியல் தொடர்புப் போக்கு. கில்பர்ட் வாக்கர் 1909-ல் இம்முறையைப் பருவமழைக்குப் பயன்படுத்தினார். விளக்கத்திற்காக, இயல்பின் விழுக்காட்டில் மழையளவு = 100 − (6 × கடல்நீரின் மிகை வெப்பம்) எனக் கொள்வோம். மிகை வெப்பம் 1.5 பாகையானால் மழை 91 விழுக்காடு என விடை கிடைக்கும்.

‘ஆர்’ போன்ற புள்ளியியல் மென்பொருளில் ‘பிரெடிக்ட்’ என்னும் கட்டளை இவ்விடையை நொடியில் தரும். புதிய விவரத்தில் மாறியின் பெயரும் அலகும் முன்பிருந்தவாறே இருத்தல் வேண்டும். தனியாகக் கேட்டாலன்றி மென்பொருள் இடைவெளியைத் தருவதில்லை. இடைவெளிகள் இருவகைப்படும். நம்பிக்கை இடைவெளி, அத்தகைய பல ஆண்டுகளின் சராசரிக்கு உரியது. முன்கணிப்பு இடைவெளி, வரவிருக்கும் ஓர் ஆண்டிற்கு உரியது. பின்னதே அகலமானது, நிர்வாகத்திற்கு வேண்டுவதும் அதுவே. முன்கணிப்பின் திட்டப்பிழை 7 எனில், 95 விழுக்காட்டு இடைவெளி ஏறத்தாழ 77 முதல் 105 வரை விரியும். அதாவது வறட்சியும் வரலாம். நல்ல மழையும் பெய்யலாம்.

1988 முதல் வானிலைத் துறை 16 மாறிகள் கொண்ட அடுக்குத் தொடர்புப் போக்குச் சமன்பாட்டைக் கையாண்டது. 2002-ல் அது 101 விழுக்காடு மழையை, 4 விழுக்காட்டுப் பிழை வரம்புடன், முன்னறிவித்தது. பெய்ததோ 81 விழுக்காடே. ஜூலை மாத மழை இயல்பில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. விதைப்புக் காலத்தில் உழவர்கள் பெரிதும் இடருற்றனர். மாறிகள் பலவற்றுக்கும் மழைக்குமிடையே இருந்த ஒட்டுறவு காலப்போக்கில் நலிந்திருந்தமை பின்னர் அறியப்பட்டது. 2003-ல் 8, 10 மாறிகள் கொண்ட புதிய சமன்பாடுகள் நடைமுறைக்கு வந்தன.

கடந்தகால விவரங்களுக்குப் பொருந்திய சமன்பாடு வருங்காலத்திற்கும் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, சமன்பாட்டை உருவாக்கப் பயன்படாத ஆண்டுகளைக் கொண்டு அதனைச் சோதித்தல் மாணவர் கடமை. விதை, தீவனம், நீர்த்தேக்கம் ஆகியவற்றிற்குத் திட்டமிடும் அலுவலர்கள் நடு எண்ணை மட்டும் நம்பாது, இடைவெளியின் கீழ் எல்லைக்கும் ஆயத்தமாதல் நன்று.