புறம்போக்கும் ஊர்த் திட்டமும்

‘புறம்போக்கு’ என்பது இன்று வசைச்சொல்லாகத் திரிந்துவிட்டது. வருவாய்த் துறை வழக்கில் அது தீர்வைக்குப் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, களம் எனப் பல பெயர்களால் அது வழங்கும். வரி தராத நிலம் பயனற்ற நிலமாகக் கருதப்பட்டதனால் விளைந்த கேட்டினை ஊர் வளர்ச்சித் திட்டங்களோடு சேர்த்து ஈண்டு நோக்குவோம்.

அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் (1992), திட்டமிடும் பொறுப்பை ஊராட்சிகளுக்கு அளிக்க வழிவகுத்தது. பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களுள் மண்வளக் காப்பு, சிறுபாசனம், சமூகக் காடு வளர்ப்பு, மரபுசாரா எரிசக்தி ஆகியவையும் அடங்கும். பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் கருவிகள் பல ஊராட்சியின் எல்லைக்குள்ளேயே உள்ளன என்பது இதனால் புலனாகும். ஆயினும் நடைமுறையில் திட்டம் என்பது பெரும்பாலும் சாலை, கட்டடம் ஆகியவற்றின் பட்டியலாகவே முடிகிறது. அவற்றுக்கு இடம் தேடுங்கால், இழப்பீடு வேண்டாத புறம்போக்கே முதலில் கண்ணில் படுகிறது. செலவுக் கணக்கில் அந்நிலத்தின் விலை சுழியம். அதன் நீரும் நிழலும் கணக்கில் ஏறுவதே இல்லை.

இப்பிழை பெருநகர அளவில் என்னவாகும் என்பதற்குப் பள்ளிக்கரணை சான்று. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகுநீர் இச்சதுப்பு நிலத்தில் தங்கி, ஒக்கியம் மடு வழியே பக்கிங்காம் கால்வாயை அடையும். பயனற்றதெனக் கருதப்பட்டதனால் இங்கே பெருங்குடிக் குப்பைக் கிடங்கும், சாலைகளும், நிறுவனங்களும் எழுந்தன. இழப்பு இருமடங்காயிற்று. நீர் தேங்கிய சேற்றில் தாவர மக்கு காற்றுப் படாது கிடப்பதால், அதிலுள்ள கரி மண்ணிலேயே தங்கும். நிலம் உலர்ந்தால் அது கரியமில வாயுவாக வெளியேறும். அதன்மேல் குவிந்த குப்பையோ மீத்தேனை உமிழும். 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று. 2015 டிசம்பரில் வேளச்சேரியும் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கின. 2022இல் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. கட்டடமாகிப் போன பகுதி மீளவில்லை. (மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ’ என்றொரு சாலை உண்டு. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை!)

புறம்போக்கைக் காப்போம் என்றவுடன் குடிசைகளை அகற்றுவதே பல இடங்களில் முதற்பணியாகிவிடுகிறது. ஏரிக்குள் நிற்கும் பெருங்கட்டடங்கள் அசைவதில்லை. இது முறையன்று. இஸ்லாமிய வரலாறு கூறும் ‘ஹிமா’ முறை இங்கு நினைக்கத்தக்கது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவை அடுத்த நகீஃ என்னும் இடத்தைக் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலமாக ஒதுக்கினார்கள். பின்னர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஹிமாவின் பொறுப்பாளரிடம், சில ஆடுகளும் ஒட்டகங்களுமே உடைய எளியோரை உள்ளே விடுமாறும் செல்வர்தம் மந்தைகளைத் தடுக்குமாறும் பணித்த செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. பொதுநிலக் காப்பும் எளியோர் பிழைப்பும் ஒரே ஆணைக்குள் அமைந்தமை கருதற்பாலது. லெபனானில் 2004 முதல் உள்ளாட்சிகள் சில இம்முறையைப் புதுப்பித்து, ஈரநிலங்களையும் பறவைகளின் வாழிடங்களையும் காக்க முற்பட்டன.

நம் கிராம சபையிலும் பணிப்பட்டியல் வாசிக்கப்படுமுன், ஊரின் நீர்வழிகளும் பொதுநிலங்களும் குறித்த வரைபடம் வைக்கப்படல் வேண்டும். எப்பணியால் எந்த நீர்ப்பிடிப்பு குறையும் என்பதும் செலவுத் தொகையின் அருகிலேயே எழுதப்படல் வேண்டும். ‘அ’ பதிவேடும் கிராம வரைபடமும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ளன. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தம் முகாம் நாட்களில் அவற்றோடு நிலத்தை ஒப்பிட்டுக் குறித்துத் தர இயலும். பதிவேட்டில் இல்லாது, ஊர்ப் பெரியோர் நினைவில் மட்டும் எஞ்சியுள்ள ஓடைகளின் பெயர்களையும் அவ்வரைபடத்தில் சேர்த்தல் நன்று.