கொல்லத்துக்குக் காயல் வழி

ஆலப்புழையிலிருந்து கொல்லத்துக்குப் படகிலேயே போக ஆசை. அலைக்குத் தலைசுற்றும் என் தாயாரை அழைத்துச் செல்லலாமா? – ஒரு வாசகி, தென்காசி

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள், அம்மணி. படகு செல்வது சமுத்திரத்திலன்று. அரபிக்கடலுக்கும் உட்கரைக்கும் இடையே, மெலிந்த மணல்திட்டின் மறைவில் கிடக்கும் காயல்களிலும் கால்வாய்களிலுமாதலால், அலையின் உபத்திரவம் இராது. சங்கடம் தருவது ஒன்றுண்டு: கயிற்றுக்காகத் தேங்காய் மட்டையை ஊறப்போட்டிருக்கும் துறைகளின் நாற்றம். அதற்கு ஒரு எலுமிச்சம்பழம் போதும்.

பிரயாணம் சுமார் 8 மணி நேரம். தெற்கு நோக்கிச் செல்கையில் பிற்பகல் வெயில் வலப்புறம் விழுமாகையால், தாயாரை இடப்புறம் அமர்த்துங்கள். காயங்குளம் காயலில் சீன வலைகளின் மூங்கில் கைகள், நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, நீர் சொட்டச் சொட்ட மெல்ல மேலெழும். வலைக்குள் பெரும்பாலும் விரல்நீளப் பொடிமீன்தான், ஆயினும் ஆடம்பரத்துக்குக் குறைவில்லை. அஷ்டமுடிக் காயலை அடையும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

கொல்லம் பழம்பெரும் துறைமுகம். 849-இல் இங்கிருந்த தரிசாப்பள்ளி என்னும் தேவாலயத்துக்கு வழங்கப்பட்ட செப்பேட்டில், வட்டெழுத்துச் சாசனத்தோடு, அரபு, பாரசீக, யூத வணிகர்கள் தத்தம் லிபியில் சாட்சிக் கையொப்பம் இட்டிருக்கிறார்கள் என்பதொன்றே அந்நகரின் அந்நாளைய பிரக்யாதிக்குப் போதிய அத்தாட்சி. மறுநாள் காலையில் தங்கசேரிக்குச் சென்று, போர்த்துகீசியர் 1519-இல் கட்டிய கோட்டையின் சிதைவையும் 1902-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தையும் பாருங்கள். விளக்கின் படிகளைத் தாயார் ஏற வேண்டாம்.

திரும்புவதற்குப் புனலூர், செங்கோட்டை வழியாக ரயில் உண்டு, உங்களூரிலேயே இறங்கலாம்.