இல்லத்திற்கு ஏற்ற வானொலிப் பெட்டி: தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்



"இந்தக் காலத்தில் வானொலிப் பெட்டி எதற்கு? பாட்டும் செய்தியும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றனவே!" என்று கேட்போர் பலர். கேள்வி நியாயமானதே. ஆயினும், மின்சாரம் தடைப்பட்டு, கைப்பேசிக் கோபுரமும் செயலிழந்து, ஆற்றுநீர் கரையேறிக் கொண்டிருக்கும் ஓர் இரவை எண்ணிப் பாருங்கள். பாலம் மூழ்கிவிட்டதா, எந்தப் பள்ளியில் தஞ்சம் புகலாம், மழை இன்னும் எத்தனை நாள் நீடிக்கும் என்பனவற்றை அவ்வேளையில் நமக்கு யார் சொல்வார்? மின்கலத்தில், அதாவது பேட்டரியில், இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தால் அது சொல்லும். அத்தகைய பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பேணும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

1. தோட்டமும் வானொலியும்

நம் பேராக் மாநிலத் தோட்டங்களுக்கும் வானொலிக்கும் பழைய உறவு உண்டு. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் மற்றொரு தோட்டத்திலும் ஐரோப்பியர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. அக்காலத்தில் புதுக்கிராமங்களிலும் கம்பங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. 1950இல் அரசாங்கத்தின் தகவல் பணிக்குத் தலைமை ஏற்று வந்த ஹியூ கார்ல்டன் கிரீன் என்பார் பிற்காலத்தில் பி.பி.சி. நிறுவனத்தின் தலைமை இயக்குநராக உயர்ந்தவர். மக்களைத் தன்பக்கம் ஈர்ப்பதே அன்றைய அரசின் நோக்கம். எனினும், எழுத்தறியாதவருக்கும் அவரவர் மொழியில் செய்தி சேர்க்க வல்லது வானொலி என்பது அன்றே விளங்கிவிட்டது.

வானொலிப் பெட்டி எளிய வீடுகளிலும் பரவ டிரான்சிஸ்டரின் வருகை துணைபுரிந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947இல் உருவான இச்சிறு பொருள், சூடேறும் கண்ணாடி வால்வுகளுக்கு மாற்றாக அமைந்தது. 1954இல் டிரான்சிஸ்டர் வானொலிகள் விற்பனைக்கு வந்தன. தோட்டத்து இயந்திரம் மாலையில் சில மணி நேரமே மின்சாரம் தந்த லயங்களில், விளக்கு அணைந்த பின்னும் பாடிய பொருள் அதுவே. பெரட்டுக்குப் புறப்படும் முன்னர்ச் செய்தியும், பணி முடிந்த பின்னர்ப் பாட்டும் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் நம்மிடையே வாழ்கிறது.

2. இடர்க்காலத்தில் வானொலியின் சிறப்பு

கைப்பேசி இருவழிக் கருவி. ஒரே வேளையில் பல்லாயிரம் பேர் பேச முயன்றால் இணைப்பு நெரிசலுறும். அதன் கோபுரங்கள் ஊர்தோறும் நிற்பவை. அவ்வூரின் மின்சாரம் நின்று, சேமிப்பு மின்கலமும் தீர்ந்தால் அவை ஓய்ந்துவிடும். வானொலியோ ஒருவழிக் கருவி. மலையுச்சியில் உள்ள ஓர் ஒலிபரப்புக் கோபுரம் இயங்கினால் போதும். பத்துப் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் அதற்குச் சுமை கூடுவதில்லை.

1996 ஆகஸ்டு 3ஆம் நாள் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. 2014 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் கிளந்தான் உள்ளிட்ட மாநிலங்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். கிளந்தானில் பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டன. நம் பேராக் ஆற்றங்கரை ஊர்களும் அவ்வெள்ளத்திற்குத் தப்பவில்லை. 1967 ஜனவரியிலும் பேராக் ஆறு பெருக்கெடுத்து ஓடியது.

அயல்நாட்டுச் சான்றுகளும் உள. 2017 செப்டம்பர் 20ஆம் நாள் போர்ட்டோ ரிக்கோ தீவைப் புயல் தாக்கியபோது, ஏறத்தாழ 95 விழுக்காட்டுக் கைப்பேசி நிலையங்கள் முடங்கின; மக்கள் வானொலியையே நாடினர். 1995 ஜனவரி 17ஆம் நாள் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியது. அங்கு வாழ்ந்த கொரியரும் வியட்நாமியரும் தத்தம் மொழியில் தகவல் பெறுவதற்கென்றே நகாத்தா பகுதியில் சிறு வானொலி நிலையங்கள் தோன்றின. இடர் வேளையில் ஒருவருக்கு நன்கு புரிந்த மொழியில் செய்தி கிடைப்பது உயிர் காக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும். மலாய் அறிவிப்பைப் படிக்க இயலாத பாட்டியும் தாத்தாவும் நம் வீடுகளில் உள்ளனர் என்பதை மறத்தலாகாது.

3. அலையும் ஏரியலும்

இன்று நாம் கேட்கும் மின்னல், ராகா போன்ற தமிழ் ஒலிபரப்புகள் பண்பலையில் வருகின்றன. பண்பலை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் அமைவது. ஆகவே வாங்கும் பெட்டியில் பண்பலை தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே முதல் தேவை. மத்திய அலையும் சிற்றலையும் இருப்பின் தொலைநாட்டு நிலையங்கள் கிடைக்கலாம். அவற்றுக்காக மட்டும் மிகுந்த விலை கொடுக்க வேண்டுவதில்லை.

பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். அதனாலேயே ஈப்போவை அடுத்த கிளேடாங் மலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிறுவப்பட்டுள்ளன. கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னே அமைந்த வீடுகளில் ஒலி மங்குவதும் இதனாலேயே. அவ்வாறாயின் பெட்டியைச் சன்னலோரம் வைத்து, ஏரியல் கம்பியை முழுதும் நீட்டித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஏரியல் எவ்வளவு நீளம் வேண்டும்? ஒரு சிறு கணக்கு. அலைநீளம் காண, 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுக்க வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 3 மீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு 75 சென்டிமீட்டர். ஏறத்தாழ அந்நீளம் உள்ள கம்பி பண்பலையை நன்கு ஏற்கும்.

4. மின்கலக் கணக்கு

மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண மின்கலம் ஒவ்வொன்றும் 1.5 வோல்ட்டு அழுத்தம் உடையது. இரண்டை வரிசையாக இட்டால் 3 வோல்ட்டு ஆகும். ஆனால் கொள்ளளவு இரட்டிப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, 2,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள மின்கலங்களைக் கொண்ட ஒரு சிறு வானொலி, மிதமான ஒலியில் 25 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாகக் கொள்வோம். 2,000 ÷ 25 = 80 மணி நேரம். நாளொன்றுக்கு 4 மணி நேரம் கேட்டால் 20 நாள் வரும். ஒலியைக் கூட்டினால் மின்னோட்டமும் கூடும், நாள்கள் குறையும். வெள்ள நேரத்தில் செய்தி வேளையில் மட்டும் கேட்டு, மற்ற வேளைகளில் அணைத்து வைப்பதே அறிவுடைமை.

பெட்டிக்கு உள்ளேயே பொருத்தப்பட்ட, மின்னேற்றம் செய்யும் மின்கலம் மட்டும் கொண்டவையும் கடைகளில் உள்ளன. அன்றாடப் பயனுக்கு அவை சிக்கனமானவை. ஆனால் மூன்று நாள் மின்சாரம் வராவிடில் அவை ஓய்ந்துபோகும். ஆதலால் கழற்றி மாற்றத்தக்க மின்கலத்திலும் வீட்டு மின்சாரத்திலும் இயங்கும் பெட்டியே மேலானது.

கையால் சுழற்றி இயக்கும் பெட்டிகளும் உண்டு. மின்சாரமும் மின்கலமும் எட்டாத ஆப்பிரிக்கக் கிராமங்களை எண்ணி, 1991இல் டிரெவர் பெய்லிஸ் என்ற ஆங்கிலேயர் சுருள்வில் வானொலியை உருவாக்கினார். இன்றைய சுழற்று கைப்பிடியும் சூரிய ஒளித் தகடும் கூடுதல் துணையாகுமே அன்றி, அவற்றை மட்டும் நம்பி இருத்தல் கூடாது.

5. கடையில் பார்க்க வேண்டியவை

அ) கடைக்காரரிடம் கேட்டு, மின்கலம் இட்டு, இயக்கிப் பார்த்தே வாங்குக. இரண்டு நிலையங்களாவது இரைச்சலின்றிக் கேட்க வேண்டும்.

ஆ) ஒலி கூட்டும் குமிழும் நிலையம் தேடும் குமிழும் பெரியனவாக, தடவி அறியத்தக்கனவாக இருத்தல் வேண்டும். பொத்தான்கள் மிகுந்த பெட்டி இளையோருக்கு இனிக்கும். முதியோரைத் திணறச் செய்யும்.

இ) காது மந்தமானவர் வீட்டில் இருப்பின் அகன்ற ஒலிபெருக்கி உள்ள பெட்டியைத் தேர்க. பாட்டின் முழக்கத்தைவிடப் பேச்சின் தெளிவே முக்கியம்.

ஈ) மின்கல அறையின் மூடி உறுதியாக இருக்கிறதா, ஏரியலின் அடிப்பகுதி ஆடுகிறதா எனப் பார்க்க.

உ) வீட்டு மின்சாரத்தில் செருகும் இணைப்புக் கருவியில் சிரிம் முத்திரை உள்ளதா எனக் காண்க.

ஊ) புளூடூத், வண்ண விளக்கு முதலியவற்றுக்காக விலை ஏற்றப்படுவதுண்டு. அப்பணத்தில் இரண்டு தொகுதி மின்கலங்கள் வாங்கலாம்.

6. பேணும் முறை

இடருக்கென்று தனியே ஒரு பெட்டியை வாங்கிப் பரணில் போட்டு வைப்போர் உண்டு. மின்கலம் கசிந்து, தகடுகள் பச்சை பூத்து, வேண்டிய நாளில் அது வாய் திறவாது. நாள்தோறும் கேட்கும் பெட்டியே இடர் வேளையிலும் கைகொடுக்கும். அதன் குறை உடனே தெரியும். அதை இயக்கும் முறையும் வீட்டார் அனைவருக்கும் பழகிவிடும்.

பல நாள் பயன்படுத்தாவிடில் மின்கலங்களைக் கழற்றி விடுக. பழையதையும் புதியதையும் கலந்து இடாதீர். மாற்று மின்கலங்களை ஈரம் படாத நெகிழிப் பையில் கட்டி, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றோடு ஒரே இடத்தில் வைத்திடுக. தமிழ் நிலையம் வரும் இடத்தில் முள் நிற்குமாறு திருப்பி, அவ்விடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி இடுக.

வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கை மூன்று படிகளாக வரும். 'வஸ்படா' என்றால் விழிப்பாய் இருத்தல், மஞ்சள் நிறம். 'புருக்' என்றால் நிலைமை மோசமாதல், செம்மஞ்சள். 'பஹாயா' என்றால் பேராபத்து, சிவப்பு. இம்மூன்று மலாய்ச் சொற்களையும் பிள்ளைகள் வீட்டிலுள்ள பெரியோருக்குக் கற்பிக்க வேண்டும். உதவி வேண்டின் அழைக்கும் எண் 999.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன் நம் இல்லங்களை நாம் ஆயத்தம் செய்வோமாக.

வீட்டுப் பணி

1. வீட்டில் உள்ள வானொலியின் ஏரியலை அளந்து எழுதுக. அது 75 சென்டிமீட்டரை எட்டுகிறதா?

2. 1,800 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள மின்கலங்கள், 30 மில்லி ஆம்பியர் எடுக்கும் பெட்டியில் எத்தனை மணி நேரம் வரும்? நாளொன்றுக்கு 3 மணி நேரம் கேட்டால் எத்தனை நாள்?

3. இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் வயதில் மூத்தவரிடம் வானொலியைக் கொடுங்கள். அவர் பிறர் துணையின்றித் தமிழ் நிலையத்தைக் கண்டுபிடிக்கிறாரா எனப் பாருங்கள். இயலாவிடில் பெட்டியில் எதை மாற்ற வேண்டும் என அவரையே கேட்டு எழுதி வாருங்கள்.