அம்மாவுக்கு மலாய் தெரியாது

கேள்வி: நான் புதுக்கோட்டைக்காரி. கல்யாணமாகி மலேசியாவின் ஆயர் குரோவுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. கணவர் இங்கேயே பிறந்தவர், தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. தமிழும் கணிதமும் நானே சொல்லிக்கொடுத்துவிடுவேன். மலாய்ப் புத்தகத்தைத் திறந்தால்தான் இருவருக்கும் அழுகை வருகிறது. “வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு மலாயிலேயே பேசுங்க அண்ணி, இல்லாவிட்டால் பின்னால் கஷ்டப்படுவான்” என்கிறாள் நாத்தனார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் பேசட்டுமா? நாங்கள் இருவரும் சேர்ந்து படிக்க வழி உண்டா?
- ஒரு தாய், ஆயர் குரோ

பதில்: தங்கச்சி, உங்கள் நாத்தனாரின் பயம் பொய்யில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பாடங்கள் மலாயில்தான். அதில் தேறாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்த பிள்ளைகள் நம் வீடுகளில் பலர். நோய் சரி, அவர் சொல்லும் மருந்துதான் தப்பு. உங்கள் தமிழில் கதை இருக்கிறது, கேலி இருக்கிறது, ‘ஏன்டா அப்படிச் செய்தாய்’ என்ற விசாரணை இருக்கிறது. உங்கள் மலாயில் சாப்பிடு, குளி, தூங்கு என்பதற்கு மேல் என்ன இருக்கும்? அதை மட்டும் கேட்டு வளர்ந்தால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் மெலிந்துபோகும். ஒரு மொழியில் வாசித்துப் புரிந்துகொள்ளப் பழகியவருக்கு அந்தத் திறன் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே எழுதினார். இரவில் தமிழ்க் கதை வாசிப்பதை விடாதீர்கள்.

மலாய்க்கு வேறு ஏற்பாடு: வாத்தியார் வேலையை மகனிடம் கொடுத்துவிடுங்கள்.

ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. மரம் சீவப் போன பெரியவர்களுக்கு யார் அரிச்சுவடி சொல்லித்தருவார்கள்? ஊரிலிருந்து பாட்டிக்குக் கடுதாசி வந்தால் நான்தான் வாசிப்பேன். ஒரு வரி தாண்டினாலும் கண்டுபிடித்துவிடுவார். நாலைந்து கடுதாசிக்குப் பிறகு, நான் வாய் திறக்கும் முன்பே ‘நலம்’ இருக்கும் இடத்தில் அவர் விரல் போய் நின்றது. உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்களே, உங்கள் அம்மாவையோ சித்தியையோ கேட்டுப்பாருங்கள்.

அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்தே கணக்கில் எடுக்கும் திட்டங்கள் வெளியிலும் உண்டு. 1980களில் இஸ்தான்புல்லில், பலரும் கிராமத்திலிருந்து குடிவந்த ஏழைக் குடும்பங்களில், தாய்மாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களுடைய பிள்ளைகளில் 86 விழுக்காட்டினர் பள்ளியில் இருந்தார்கள். பயிற்சி பெறாத தாய்மாரின் பிள்ளைகளில் 67தான்.

முதல் பாடத்துக்குப் புத்தகமே வேண்டாம். உங்கள் ஊர்ப் பெயர்ப்பலகை போதும். ஆயர் குரோ என்றால் கலங்கிய தண்ணீர். பலகையில் இருப்பது பழைய எழுத்துக்கூட்டல். 1972இல் எழுத்துமுறை மாறியதால் மகனின் புத்தகத்தில் தண்ணீருக்கு ஏ, ஐ, ஆர் என்று மூன்றே எழுத்து. ஏன் இரண்டு விதம் என்று அவனையே கேளுங்கள். அடுத்தது ‘சி’ எழுத்து. ஆங்கிலம் படித்த நமக்கு அது க அல்லது ஸ. மலாயில் எப்போதும் ச. கழுவு என்பதற்கான ‘சூச்சி’யை நீங்கள் ‘குக்கி’ என்று வாசிப்பீர்கள், அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். சிரிக்கட்டும், அழுகைக்கு அது மேல். கடைக்கு ‘கெடாய்’, கப்பலுக்கு ‘காப்பால்’, கட்டிலுக்கு ‘காட்டில்’: நம்மிடமிருந்து போன சொற்கள் இவை. இவற்றில் மட்டும் நீங்கள் அவனுக்கு முந்திக்கொள்ளலாம்.

நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும், அதுவும் கணவரின் ஷிப்டு பார்த்து. புக்கிட் பாருவில் மாநிலப் பொது நூலகம் இருக்கிறது, சனிக்கிழமை கூட்டிப்போங்கள். பெரிய எழுத்தும் படமும் உள்ள மலாய்ப் புத்தகமாகப் பாருங்கள். வகுப்பாசிரியரிடம் தமிழிலேயே நிலைமையைச் சொல்லுங்கள். பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மாரில் உங்களைப்போல் இன்னும் இருவராவது இருப்பார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை அவன் பத்துச் சொல் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். சிவப்புப் பேனா அவன் கையில். மதிப்பெண் கஞ்சத்தனமாகத்தான் போடுவான்.